கரண்டிக்கு நீல ரிப்பன்

அன்புள்ள பொடிசுக்கு,

இன்று காலை எழுந்ததும், பல்கூடத் துலக்காமல், நான் முதலில் செய்த காரியம் இது: நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஒரு ஜெர்மன் பெயர்ச்சொல்லை நான்கு வேற்றுமைகளிலும் எழுதினேன். டெர் லெஃபல், டென் லெஃபல், டெம் லெஃபல், டெஸ் லெஃபல்ஸ். லெஃபல் என்றால் கரண்டி. நாம் சாப்பிடுகிற சாதாரண ஸ்பூன். எழுதி முடித்து அகராதியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். நான்கும் சரி. அதன் பிறகுதான் முகம் கழுவப் போனேன். நேற்றுக் காலையும் இதையேதான் செய்தேன்.

இருபது வருடமாக அந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கிறவள் விடிந்ததும் விடியாததுமாக ஸ்பூன் ஆணா பெண்ணா என்று தனக்குத்தானே பரீட்சை வைத்துக்கொள்கிறாள் என்றால் உனக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள். நானும் முயன்று பார்த்தேன்.

நலம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், வேலைக்குப் போய் வருகிறோம். இப்போதைக்கு அதையே நலம் என்று வைத்துக்கொள். உன் சின்னவளுக்கு இருமல் நின்றதா? மருந்தைத் துப்பிவிடுகிறாள் என்று சொன்னாயே, மூக்கைப் பிடித்துக் கொடுக்காதே, புரையேறிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைதானே போனில் ஒரு மணி நேரம் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் எந்த இடத்தில் ஒரு சொல்லுக்காகத் தயங்கி நிற்கிறேன் என்பதை நீ கண்டுபிடித்துவிடுவாய். உனக்கு அந்தக் காது உண்டு. அம்மாவோடு ஏழு வருடம் இருந்து பழக்கப்பட்ட காது. கடிதத்தில் ஒரு சொல்லுக்காகக் கால் மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் படிக்கிறவருக்குத் தெரியாது. அதனால்தான்.

உன் அத்தான் எப்போதும்போல இருக்கிறார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது பாதி வேலை, அதை வீட்டுக்கு வந்து கதையாகச் சொல்வது மீதி வேலை. போன வாரம் ஒரு வக்கீலும், அவர் யார்மேல் வழக்குப் போட்டிருக்கிறாரோ அந்த ஆளும், ஒரே லிஃப்டில் நாற்பது நிமிடம் சிக்கிக்கொண்டார்களாம். கதவைத் திறந்தபோது இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்களாம். "பேசாம கோர்ட்டை எல்லாம் மூடிட்டு லிஃப்டு வச்சிடலாம், கேஸ் சட்டுசட்டுன்னு முடிஞ்சிடும்" என்கிறார். அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தேன். ஆனால் நான் வீட்டில் அங்கங்கே ஒட்டி வைக்கிற சீட்டுகளையும் அவர் கவனித்திருக்கிறார். அடுப்பை அணை, மோட்டாரை நிறுத்து, சாவி இடது பையில். "என்னடி இது, வீடா நோட்டீஸ் போர்டா? கொஞ்ச நேரம் அசையாம நின்னா என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுவ போலிருக்கே" என்றார். அதற்கும் சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நெற்றியில் என்ன எழுதி ஒட்டுவேன் என்று யோசித்தேன். அவர் பெயரையா?

மகள் விடுதியில் பத்திரமாக இருக்கிறாள். செமஸ்டர் பரீட்சை நடக்கிறது. அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் வேலையைப் பற்றி உனக்கு நான் விளக்கமாகச் சொன்னதில்லை. எங்கள் நிலையம் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிறது. கீழே அவர்கள் காற்றடிக்கிற சத்தத்துக்கு நடுவே மேலே நாங்கள் இலக்கணம் நடத்துவோம். படிக்க வருகிறவர்கள் எல்லோரும் நர்ஸுகள், ஒரு தொகுதிக்குப் பன்னிரண்டு பேர், ஒரே சமயத்தில் பல தொகுதிகள் நடக்கும். முடிவில் நாங்கள் ஓர் உள் தேர்வு வைப்போம். அறுபது மார்க் எடுத்தால் பெயர் பட்டியலில் ஏறும். பட்டியல் ஜெர்மனியில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போகும். அதற்குப் பிறகு விசா, விமானம் எல்லாம் அவர்கள் பாடு. அறுபதுக்குக் கீழே என்றால் அடுத்த தொகுதி, இன்னும் ஆறு மாதம்.

முதல் வாரத்தில் நான் ஒரு ஸ்பூன், ஒரு முள்கரண்டி, ஒரு கத்தி மூன்றையும் மேசைமேல் வைப்பேன். நமக்கு ஆள் என்றால் அவன், அவள். பொருள் என்றால் அது. அதோடு கதை முடிந்தது. அங்கே அப்படி இல்லை. ஸ்பூன் ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. ஏன் என்று கேட்கக் கூடாது, மனப்பாடம்தான். ஆணுக்கு நீல ரிப்பன், பெண்ணுக்குச் சிவப்பு, இரண்டும் இல்லாததற்குப் பச்சை என்று கட்டிக் காட்டுவேன். பெண்பால் சொற்களுக்கு முன்னால் "டீ" என்று வரும். அதை மட்டும் எல்லோரும் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள், வாடீ போடீ மாதிரி என்று. அதே வேகத்தில், இரண்டும் இல்லாததற்கு வருகிற "டாஸ்" என்பதை வாடா போடாவோடு சேர்த்து ஆண்பால் ஆக்கிவிடுவார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் யாராவது நாலு பேர் கத்தியை ஆணாக்குவார்கள். நம் மொழி பேசுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

இந்தத் தொகுதியில் ஒருத்தி, "ஸ்பூன் ஆம்பளைங்கறது சரிதான் மேடம். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும்தான தட்டுப் பக்கம் வருது" என்றாள். கடைசி பெஞ்சில் இருக்கிற ஆண் நர்ஸ் சும்மா இருப்பாரா? "அப்ப முள்கரண்டி பொம்பளைங்கறதும் சரி, குத்துறதே வேலை" என்றார். அவள் திரும்பிப் பார்க்காமலே, "குத்தினாத்தான் சிலது தட்ட விட்டு எழுந்திருக்குது" என்றாள். வகுப்பே அதிர்ந்தது. கீழே இருந்து டயர் கடைக்காரர் என்ன ஆச்சு என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

எனக்கு வகுப்பில் வைத்திருக்கிற பெயர் அகராதி. எந்தச் சொல்லைக் கேட்டாலும் சொல்வதால் வைத்தது என்று என்னிடம் சொல்வார்கள். எனக்கு அகராதி பிடித்திருப்பதால் வைத்தது என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். இரண்டுமே உண்மை. இருபது வருடமாக நான் விடைக் குறிப்பை வைத்துக்கொண்டு தாள் திருத்தியதில்லை. அது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

நம் மொழியில் வேற்றுமை வந்தால் உருபு பெயரின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். கரண்டியை, கரண்டிக்கு, கரண்டியின். அங்கே பெயர் பெரும்பாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதன் முன்னால் நிற்கிற குட்டிச் சொல்தான் சட்டை மாற்றிக்கொண்டே இருக்கும். ஆணுக்கு ஒரு வரிசைச் சட்டை, பெண்ணுக்கு வேறு வரிசை. முதலில் ஆணா பெண்ணா என்பதில் தவறிவிட்டால் வரிசை முழுக்கத் தவறு. இவ்வளவு போதும். உனக்கு இனி ஜெர்மன் வந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மதியம் தேர்வுத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். எட்டுத் தாள் முடிந்தபோது, குளியலறைச் சுவரில் ஒழுகுகிறதே, அதைப் பார்க்க பிளம்பர் வந்தார். அவரிடம் இருபது நிமிடம் பேசி அனுப்பிவிட்டு வந்து மிச்சம் நான்கு தாளையும் முடித்தேன். வேறு ஒன்றும் நடக்கவில்லை. தலை வலிக்கவில்லை, தூக்கம் வரவில்லை. எத்தனையோ தடவை அந்த மதியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். பிடித்துக்கொள்ள ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

போன சனிக்கிழமை மார்க்கை ஒட்டினோம். திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் கடிகாரம் சிஸ்டர் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு அந்தப் பெயர் வந்தது நெஞ்சில் தலைகீழாகக் குத்தியிருக்கிற வாட்சால். தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். பேசும்போதுகூட ஒரு கண் அந்த வாட்சில் இருக்கும். நாம் கையை நீட்டினால் நாடி பிடித்துவிடுவாள். முப்பத்தைந்து வயது, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. அங்கே எடுத்துக்கொள்ளும் வயது வரம்பும் முப்பத்தைந்துதான். அடுத்த தொகுதி முடியும்போது அவளுக்கு முப்பத்தாறு ஆகியிருக்கும். அதாவது அவளுக்கு அடுத்த தொகுதி என்று ஒன்று கிடையாது. இருந்த வேலையையும் விட்டுவிட்டாள். அவள் மார்க் ஐம்பத்து நாலு.

சண்டை போட வரவில்லை. "கோவிச்சுக்காதீங்க மேடம், ரெண்டே நிமிஷம்" என்று ஆரம்பித்தாள். "நீங்க க்ளாஸ்ல ஸ்பூனுக்கு நீல ரிப்பன் கட்டினீங்க, நானும் நீலம்னு குறிச்சி வச்சிருக்கேன். தாள்ல சிவப்பு மாதிரி திருத்தியிருக்கீங்க. நான்தான் அன்னிக்குத் தப்பா பாத்துட்டனோ?" தன் நோட்டையும் நான் திருத்திய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

அந்த நேரத்தில், பொடிசு, எது சரி என்று எனக்குத் தெரியவில்லை.

மறந்துபோவது இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நாக்கு நுனியில் நிற்கும், தேடினால் கிடைக்கும் என்றுதானே சொல்வோம். இது அப்படி இல்லை. தேடுவதற்கே அங்கே ஒன்றும் இல்லை. நீலம் என்று அவள் சொன்னால் நீலம், சிவப்பு என்று சொன்னால் சிவப்பு. இரண்டும் எனக்கு ஒன்றாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "பழைய புத்தகத்தப் பாத்துப் படிச்சிருப்பீங்க. இப்ப மாத்திட்டாங்க" என்று சொன்னேன். நான் சொன்னேன். எந்த நாட்டில் புத்தகத்தை மாற்றி ஸ்பூனின் பாலை மாற்றுவார்கள்?

அவள் முகம் தெளிந்துவிட்டது. "அதான பாத்தேன். நீங்க தப்பு பண்ண மாட்டீங்களே மேடம். நான்தான் சரியா படிக்கல" என்றாள். என் மேசைமேலேயே குனிந்து, நோட்டில் ஸ்பூனுக்குப் பக்கத்தில் இருந்த நீலம் என்ற சொல்லை அடித்துவிட்டுச் சிவப்பு என்று எழுதினாள். பொறுமையாக, அழகாக எழுதினாள். என்னிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனாள்.

அகராதியைக் கைப்பையில் மறைத்து எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பார்த்தேன். அவள் எழுதியதுதான் சரி. சரியாகத் திருத்தியிருந்தால் அறுபத்தாறு.

பன்மையில் எல்லாவற்றுக்கும் "டீ" வரும், அதை நினைத்துக் கை தவறியிருக்கும் என்று அன்று மாலை வரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு தாளை எடுத்து ஒழுங்காகப் பார்த்தேன். கை தவறியிருந்தால் ஓரிடத்தில் தவறியிருக்க வேண்டும். நான் அவள் எழுதிய நான்கையும் அடித்து, ஸ்பூனைப் பெண்ணாக வைத்து நான்கு வேற்றுமைக்கும் சுத்தமாக வரிசை எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே இரண்டு வாக்கியங்களிலும் அதையே செய்திருக்கிறேன். சிவப்பு மையில், என் கையெழுத்தில், ஓர் இடத்தில்கூடப் பேனா நிற்காமல். தயங்கி எழுதியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். துளிகூடச் சந்தேகமில்லாமல் எழுதியிருக்கிறேன். அந்தக் கடைசி நான்கு தாள்களிலும் இப்படித்தான். மற்ற மூன்று பேரும் எப்படியோ அறுபதைத் தாண்டிவிட்டதால் ஒருவரும் தாளைப் புரட்டிப் பார்க்கவில்லை.

நேற்று ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். முதல்வர் அறைக்குப் போய், கூட்டலில் பிழை, பன்னிரண்டு மார்க் விட்டுப்போயிற்று, மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். எங்கள் முதல்வரை நீ பார்த்ததில்லை. பேனா மூடியைக் கடித்துக்கொண்டேதான் பேசுவார். மூடியை எடுத்துவிட்டுச் சிரித்தார். "நீங்க கூட்டல்ல தப்பு விட்டா நாளைக்கு நான் வேட்டியத் தலையில கட்டிட்டு வரேன். அந்தப் பொண்ணு வந்து அழுதுச்சாக்கும்? மனசு எளகிட்டீங்களா மேடம்? நீங்களேவா?" என்றார். அப்படியே சுவரில் மாட்டியிருந்த விதிமுறையைக் காட்டினார். "இது நீங்க எழுதின சட்டம். அதைக் காட்டித்தான் நான் வர்றவன் போறவன் கிட்டல்லாம் பீத்திட்டிருக்கேன்."

உண்மைதான், நான் எழுதியது. நாலு வருடம் முன்னால் ஓர் ஆசிரியர் கெஞ்சுகிறவர்களுக்கெல்லாம் மார்க்கைக் கூட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கடிவாளம் போட எழுதினேன். ஒட்டிய மார்க்கை மாற்ற வேண்டுமானால், திருத்தியவர் என்ன பிழை, ஏன் நேர்ந்தது என்று கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். இன்னோர் ஆசிரியர் அதைப் பார்க்க வேண்டும். அதோடு, அந்த வருடத்தில் அதே ஆள் திருத்திய எல்லாத் தாள்களையும் பிரித்து மறுபடி திருத்த வேண்டும். அந்தக் கடைசி வரி வேண்டாம், ரொம்பக் கடுமை என்று எல்லோரும் சொன்னார்கள். பயம் இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதமாகச் சேர்த்தேன்.

தாள்கள் எல்லாம் ஆசிரியர் அறை அலமாரியில் இருக்கின்றன. பழுப்புக் காகிதம் சுற்றி, சணல் கட்டி, முடிச்சின்மேல் என் கையெழுத்து. இந்த வருடம் ஒன்பது கட்டு, நூற்றெட்டுப் பேர். நேற்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அலமாரிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தது. ஒரு கட்டை எடுத்துப் பிரித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? கை போகவில்லை. இந்தத் தொகுதியில் மட்டும்தான் இப்படி என்றால் ஒன்று. ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டது என்றால்? யார் யாரை நான் ஊரோடு நிறுத்திவைத்தேன்? தேறாதவர்கள் யாரையாவது தேற வைத்து, மொழி தெரியாத வார்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறேனா? சணல் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு கட்டுக் காகிதத்தைப் பார்த்து இவ்வளவு பயம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பட்டியல் வெள்ளிக்கிழமை போகிறது. இன்று புதன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் முன்னால் ஒரு டாக்டரிடம் போனேன். பக்கத்து வீட்டு அம்மாள் பெயர் ஒரு நாள் முழுக்க வரவில்லை, அதற்காக. அவர் வாட்டசாட்டமான ஆள், வாய் நிறையச் சிரிப்பு. "இந்த வயசுல எல்லாருக்கும் வர்றதும்மா. நானே கண்ணாடியத் தலையில மாட்டிக்கிட்டு வீடு பூரா தேடுறேன்" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று நரம்பு டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். எழுதும்போது, வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே ஞாபக மறதி வந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். சீட்டு கைப்பையின் உள்துணிக் கிழிசலுக்குள் இருக்கிறது. இல்லை என்று சொன்னேன், பொடிசு. உன் ஏழு வருடத்தையும் சேர்த்து இல்லை என்று சொன்னேன்.

அம்மா ஆஸ்பத்திரி டெலிபோன் ஆபரேட்டர். இருநூற்று நாற்பது உள் எண்களும் அவளுக்கு மனப்பாடம். நாம் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது சாப்பிட உட்காரும் நேரத்தில் கேள்வி கேட்டு விளையாடுவோம், எக்ஸ்ரே என்பாய், கண் மூடித் திறப்பதற்குள் எண் வரும். அவளுக்கு நாற்பத்தெட்டு வயதில் பிரசவ வார்டைக் கேட்டவர்களுக்கு அவள் சலவை அறைக்கு லைன் போட்டுக்கொடுக்க ஆரம்பித்தாள். தவறு என்று சொன்னவர்களைப் பிடித்துத் திட்டினாள்: "நீங்க கேட்டத ஒழுங்கா கேட்டிருந்தா நான் ஒழுங்கா குடுத்திருப்பேன்." நாம் அதை ஒரு வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். விடுமுறைக்கு வருவேன், நாலு நாள் இருப்பேன், அம்மா நன்றாகத்தானே இருக்கிறாள், நீதான் பெரிதாக்குகிறாய் என்று உன்னிடம் சொல்லிவிட்டு ரயிலேறுவேன். ஒரு தடவை நீ என்னை வழியனுப்ப வெளியே வரவே இல்லை. குளித்துக்கொண்டிருந்தாய் என்று நினைத்தேன். பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. இத்தனை நாளில் நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

எனக்கு இப்போது நாற்பத்தேழு. உனக்கு நாற்பத்தொன்று. என் மகளுக்குப் பத்தொன்பது. இதற்குமேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை. உனக்குத் தெரியாததும் இல்லை.

இதெல்லாம் ஒன்றும் இல்லாமல் போகலாம். வெறும் களைப்பாக இருக்கலாம், வயதின் கோளாறாக இருக்கலாம், வைட்டமின் குறைச்சல் என்று ஒரு மாத்திரையோடு முடியலாம். அப்படியே இருக்கட்டும் என்று நீயும் நினைத்துக்கொள். ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும், உன்னைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாது. ஆரம்பத்தில் அம்மாவுக்குத் தெரிந்திருந்ததா? சலவை அறைக்குப் போட்டுக்கொடுத்துவிட்டு அவர்களைத் திட்டினாளே, அப்போது நிஜமாகவே தான் சரி என்று நம்பித் திட்டினாளா? இல்லை, என்னைப் போல, உள்ளே நடுங்கிக்கொண்டு திட்டினாளா? தெரிந்திருந்தால் அவள் யாரிடமாவது சொன்னாளா? இருபது வருடமாக இதை நான் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாயோ என்று பயம். இப்போதும் பயம்தான். இருந்தாலும் ஒரு வரி எழுது. போனில் சொல்லாதே. எழுது.

உன்னை இங்கே ஓடி வரச் சொல்லவில்லை. டிக்கெட் பார்க்காதே. நீ உன் பங்கைச் செய்து முடித்து ரொம்ப நாள் ஆகிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள், உன் வீட்டுக்காரரிடம் நான் கேட்டதாகச் சொல், ராத்திரியில் காலகாலத்தில் தூங்கு.

நாளைக் காலை பத்து மணிக்கு முதல்வரிடம் ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்குவேன். என்ன பிழை என்பதற்கு, கடிகாரம் சிஸ்டர் எழுதிய ஆறு விடைகளும் சரி, தவறு என்னுடையது என்று எழுதுவேன். ஏன் நேர்ந்தது என்பதற்கு, பிளம்பர் வந்தார், கவனம் சிதறியது என்று எழுதினால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அப்படி எழுதப்போவதில்லை. என் அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயதில் என்ன ஆரம்பித்தது என்று எழுதி, எனக்கும் அது ஆரம்பித்திருக்கலாம் என்று எழுதி, கையெழுத்துப் போடுவேன். ஒன்பது கட்டையும் பிரிக்கட்டும். பிரிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். உன் அத்தானிடம் இதைச் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒன்பது நாளாவது ஆகும் என்பதால், உன்னிடமும் இன்னும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

கண்டது கேட்டது ஒன்றையும் மறக்காமல் நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அக்கா